வடிவுக்குப் போட்ட புகை

தேயிலைத் தோட்டத்தில் ஒரே வரிசையாகக் கட்டிய எங்கள் லயத்தில் வீட்டுக்கு வீடு சுவர் உண்டு. ஆனால் அந்தச் சுவர் கூரையைத் தொடாது. கட்டிய வெள்ளைக்காரனுக்குக் கல் போதவில்லையோ, மனசு போதவில்லையோ, சுவருக்கும் தகரத்துக்கும் நடுவில் ஒரு ஆள் புகுந்து போகிற அளவுக்கு வெறுமையாக விட்டிருந்தான். குடும்பத்துக்கு ஒரு காம்பரா, அதற்கு முன்னால் இஸ்தோப்பு என்று ஒரு சிறு தாழ்வாரம், அவ்வளவுதான் வீடு. நான் கருவாடு சுட்டால் கடைசிக் காம்பராவில் இருக்கிற மீனம்மா மூக்கைப் பொத்துவாள். அவள் புருஷனோடு சண்டை போட்டால் நான் இங்கிருந்தே தீர்ப்புச் சொல்வேன். அப்படிச் சொல்லிச் சொல்லித்தான் ராக்காயிக்கு வாய் நீளம் என்று வட்டகொடை ஸ்டேஷன் வரைக்கும் பேர். நீளம்தான். அதற்கென்ன இப்போது? வாயில்லாதவள் யாராவது இந்தக் கதையை உங்களுக்குச் சொல்ல வரப்போகிறாளா?

சண்முகவடிவு றொசல்லப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து அழகனைக் கட்டிக்கொண்டு எங்கள் பக்கத்துக் காம்பராவுக்கு வந்தாள். வந்த வாரமே எனக்கும் அவளுக்கும் முட்டிக்கொண்டது. ஆனி மாதச் சாரல். கவ்வாத்து வெட்டிப் போட்ட தேயிலை மிலாறுதான் எங்களுக்கு விறகு. மழைக்காலத்தில் அது காய்ந்து நாங்கள் பார்த்ததில்லை. ஊதி ஊதி என் கண்ணே அவிந்துபோகிற மாதிரி அடுப்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். சுவரில் டொக் டொக்கென்று தட்டுகிற சத்தம்.

"அக்கா, பொகை எல்லாம் இங்கிட்டு வருதுங்க."

"பொகை என்ன, ஒன்னைக் கேட்டுட்டா வரும்? நேத்து வந்த மகராசி, இன்னைக்கே சட்டம் பேசுறா!"

மறுபேச்சு வரவில்லை. எனக்கு அதுவும் ஆகாது. திட்டினால் திருப்பித் திட்ட வேண்டாமா? என்னதான் செய்கிறாள் பார்ப்போம் என்று வெளியே வந்தேன். இஸ்தோப்பு ஓரத்தில், சாரல் முழுக்கத் தன் மேல் விழுகிற மாதிரி குந்தியிருந்தாள். இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றிக்கொண்டு, வாயைத் திறந்து, காற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். தோள் இரண்டும் காது வரைக்கும் ஏறி இறங்கின. நெஞ்சுக்குள் விசில் மாதிரி ஒரு சத்தம். இழுப்பு வியாதி.

அன்றைக்கு என் அடுப்பை நானே தண்ணீர் ஊற்றி அணைத்தேன். என் புருஷன் மூக்கன் பட்டினியாகத் தூங்கினான். தூங்கட்டும், ஒரு நாளில் ஒன்றும் மெலிந்து போய்விடமாட்டான்.

அழகனைப் பற்றியும் சொல்லவேண்டும். கவ்வாத்துக் கூட்டத்தில் வேலை. வாட்டசாட்டமான ஆள், ஆனால் வடிவுக்கு முன்னால் பூனைக்குட்டி. மலையிலிருந்து இறங்குகிற பீலித் தண்ணீரை அவன்தான் பிடித்துக் கொண்டுவருவான். ஆம்பிளை குடம் தூக்குகிறான் என்று லயமே சிரித்தது. அவன் சட்டையே பண்ணவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை கூரை மேல் ஏறி, அடுப்புக்கு நேர் மேலே ஒரு தகரத்தைக் கழற்றிவிட்டான். புகை நேராக மேலே போயிற்று. எங்கள் லயத்துக் கூரையிலிருந்து புகை அப்படிப் போய் நான் பார்த்ததே இல்லை. வடிவு காம்பரா நடுவில் நின்று அண்ணாந்து பார்த்துச் சிரித்தாள்.

மறுநாளே வேலை மேற்பார்க்கிற கண்டாக்கையா கண்ணில் பட்டுவிட்டது.

"தொரை குடுத்த கூரையை பிச்சு எறியிறதுக்கு நீ யாருடா?"

"பொகை போகத்தாங்கய்யா. இவளுக்கு மூச்சு ஏற மாட்டேங்குதுங்க."

"இந்தத் தோட்டத்துல இத்தனை பேரு அந்தப் பொகையிலதான் கெடக்குறான். ஒம் பொண்டாட்டிக்கு மட்டும் மாளிகை கட்டணுமோ?"

அங்கேயே நின்று தகரத்தைப் பழையபடி ஆணி அடிக்கவைத்தார். அன்றைக்கு அழகனுக்குப் பேர் போடவும் இல்லை, ஒரு நாள் சம்பளம் போயிற்று. எனக்கு வந்த கோபத்துக்கு அந்த மனுஷனை நாலு கேள்வி நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டிருப்பேன். மூக்கன் என் கையைப் பிடித்து உள்ளே இழுத்துவிட்டான்.

அப்புறம் வடிவு முழுகாமல் இருந்தாள். நான்தான் அவளை டிஸ்பென்சரிக்குக் கூட்டிப் போனேன். அங்கே கணேசமூர்த்தி ஐயா நல்ல மனுஷன், எங்களை உட்காரச் சொல்லிப் பேசுகிற ஆள். நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்துவிட்டு என்னைத்தான் பார்த்தார், அவளைப் பார்க்கவில்லை.

"நான் குடுக்கிற மருந்து பேருக்குத்தான். இந்தப் புள்ளைக்கு நல்ல காத்துதான் மருந்து. அடுப்புப் பொகை அண்டவே கூடாது. வயித்துல ஒண்ணு இருக்கு, பெத்துப் பொழைக்கணும்ல?"

திரும்பி வருகிற வழியெல்லாம் வடிவு ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "நான் பொழைச்சிருவேனாக்கா?"

"பொழைக்காம? நீ செத்தா நான் யாரோட சண்டை போடுறது?" என்றேன். அவள் சிரித்தாள்.

சுவர் கூரையைத் தொடாத லயத்தில் அவள் வீட்டு அடுப்பை மட்டும் அணைத்து என்ன பிரயோசனம்? எல்லா அடுப்பும் வெளியே போகவேண்டும். அன்றைக்குச் சாயந்தரமே காம்பரா காம்பராவாக ஏறி இறங்கினேன். இனிமேல் இஸ்தோப்பில்தான் சமையல், உள்ளே ஒரு குச்சி எரியக்கூடாது.

"மழைக்குள்ளயா ஒலை வைக்கிறது?" என்றான் மூக்கன்.

"ஏன், நீ என்ன சீனியா, கரைஞ்சு போறதுக்கு?"

மீனம்மாதான் எகிறினாள். "இவ ஒருத்திக்காக லயமே நனையணுமா? சீக்குக்காரின்னு தெரிஞ்சுதான கட்டிக்கிட்டு வந்தான்?" நானும் விடவில்லை, அவள் மாமியார் காலத்துக் கதை வரைக்கும் இழுத்துவிட்டேன். எதுவும் நடக்கவில்லை. ஆனால் சுவருக்கு மேலே புகை மட்டுமா வரும்? சத்தமும் வரும். அன்றைக்கு விளக்கு வைக்கிற நேரத்தில் வடிவுக்கு இழுப்பு வந்தது. அந்த விசில் சத்தம் லயத்து ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குப் போயிற்று. ஒரு சட்டி கூட உருளவில்லை. கொஞ்ச நேரத்தில் மீனம்மா தன் அடுப்புக் கல்லைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்து இஸ்தோப்பில் தொப்பென்று போட்டாள். என்னை முறைத்துவிட்டு மறுபடி உள்ளே போனாள், அடுத்த கல்லை எடுக்க.

அந்த மழைக்காலம் முழுக்க நாங்கள் வெளியேதான் பொங்கினோம். சாரல் அடித்தால் சாக்கைப் பிடித்துக்கொண்டு ஒருத்தி நிற்பாள், ஒருத்தி ரொட்டி சுடுவாள். திட்டிக்கொண்டேதான் செய்தோம். ஆனால் ஒருத்தியாவது அடுப்பை உள்ளே கொண்டுபோகவில்லை. வடிவுக்கு முகம் தெளிந்தது. கொழுந்து மலையில் எனக்குப் பக்கத்து நிரையில் நின்று மூச்சு வாங்காமல் வாயடிப்பாள்.

"அக்கா, இப்பல்லாம் ஒங்க கொழம்பு வாசம் மட்டுந்தான் வருது, பொகை வரல. வாசத்தை வச்சுப் பாத்தா பொகையே தேவலாம் போல."

வாய் என்னிடமிருந்து ஒட்டிக்கொண்டதுதான், வேறென்ன?

பெண் குழந்தை பிறந்தது. தாயும் பிள்ளையும் நல்ல சுகம். வீரம்மா என்று பக்கத்து லயத்து மருத்துவச்சி வந்து பிரசவம் பார்த்தாள். அழகன் பிள்ளையைக் கையில் வாங்க பயந்துகொண்டு, கையைக் கையை உடம்பில் துடைத்துக்கொண்டு நின்றான். அன்றைக்கு அந்தக் காம்பராவில் அவ்வளவு சந்தோஷம்.

பிள்ளை பெற்ற வீட்டுக்கு என்னென்ன செய்வோமோ எல்லாம் செய்தோம். எதிலும் குறை வைக்கவில்லை. மலைக்காற்று பச்சை உடம்பில் படக்கூடாது. கதவை மூடி, மேலே சாக்கைத் தொங்கவிட்டோம். சுவருக்கு மேலே இருந்த வெறுமை முழுவதையும் அழகன் பழைய கம்பளியும் சாக்குமாக வைத்து அடைத்தான். தாய்க்கும் பிள்ளைக்கும் காலையில் ஒரு குளியல், சாயந்தரம் ஒரு குளியல். குளித்ததும் சாம்பிராணி. வெளி அடுப்பிலிருந்து தணலைச் சட்டியில் அள்ளிவந்து, சாம்பிராணியைத் தூவி, அதன் மேல் கொழுந்துக் கூடையைக் கவிழ்த்து, வடிவின் கூந்தலைக் கூடை மேல் விரித்துவிடுவோம். அப்புறம் பிள்ளையை அந்தப் புகையில் மூன்று தரம் காட்டி எடுப்போம். எங்கள் அம்மாமார் அப்படித்தான் செய்தார்கள். சாம்பிராணி போட்டால் வீட்டுக் காற்று சுத்தமாகும், சளி அண்டாது, காத்துக்கருப்பு அண்டாது. கோயிலில் சாமிக்குக் காட்டுகிற பொருள். அதைப் போய் யாராவது புகை என்று சொல்வார்களா?

அழகன் சாம்பிராணி வாங்க வட்டகொடைக்கு இஸ்ஸதீன் முதலாளி கடைக்குப் போயிருந்தான். வடிவுக்கு நெஞ்சு சுகமில்லை என்பது அவருக்கும் தெரியும். கீழே இருந்த டப்பாவைத் தள்ளிவிட்டு, மேல் தட்டிலிருந்து எடுத்துக் கொடுத்தாராம்.

"அது கலப்படம், இதைக் கொண்டு போங்க. நல்ல சாமான் இது, நெஞ்சுச் சளியெல்லாம் எடுத்துப் போடும். காசை வைங்க மடியில, புள்ள பொறந்த ஊட்டுக்கு நான் குடுக்கிறது. அல்லாஹ் லேசாக்கி வைக்கட்டும்."

அந்த நல்ல சாமானை அழகன் கைநிறைய அள்ளிப் போட்டான். வீரம்மா போன பிறகு, வடிவு தாயில்லாத பெண் என்று அந்த வேலையை அவனே எடுத்துக்கொண்டான். காலையில் பேர் கொடுக்கிற பெரட்டுக்குப் போவதற்கு முன்னால் ஒரு தரம், வேலை விட்டு வந்து ஒரு தரம். அவள் கூந்தலைக் கூடை மேல் அவன் பரப்புவதைப் பார்த்தால், நமக்கு இப்படி ஒரு புருஷன் வாய்க்கவில்லையே என்று எந்தப் பெண்ணுக்கும் தோன்றும். எனக்கும் தோன்றியது, மூக்கனிடம் சொல்லியும் காட்டினேன்.

வடிவுக்கு மறுபடி இழுப்பு வந்தது.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யாரோ திருட்டுத்தனமாக உள்ளே அடுப்பெரிக்கிறார்கள்! யாராக இருக்கும்? நேராக மீனம்மா காம்பராவுக்குப் போய் நின்றேன்.

"ஏண்டி, ஒரு உசிரு அங்க தவிக்குது, நனையாம சோறு திங்கணுமா ஒனக்கு?"

மீனம்மா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், உள்ளே அவளுடைய பழைய அடுப்பு இருந்த மூலையில் வைத்து அழுத்தினாள்.

"தொட்டுப் பாருடி. நல்லா தொட்டுப் பாரு. சூடு இருக்கா?"

ஈரம்தான் இருந்தது. அந்த மூலையில் அவள் கோழியைக் கூடை போட்டுக் கவிழ்த்து வைத்திருந்தாள். அவள் கண்ணில் தண்ணீர். ஒன்றொன்றாக எல்லாக் காம்பராவும் பார்த்தோம், அவளும் கூடவே வந்தாள். எங்கேயும் அடுப்பில்லை. எந்த மூலையும் சில்லென்று கிடந்தது.

அப்படியானால் குளிர்தான் காரணம் என்று முடிவு கட்டினோம். இன்னும் இரண்டு சாக்கு கொண்டுவந்து கதவிடுக்கை அடைத்தோம். அழகன் மத்தியான நேரத்திலும் வந்து ஒரு தரம் சாம்பிராணி போட்டுவிட்டுப் போனான். வடிவு கதவைக் கையால் காட்டிக் காட்டி, "தெறந்து விடுங்க, தெறந்து விடுங்க" என்றாள். காய்ச்சல் வேகத்தில் உளறுகிறாள் என்றார்கள். கதவை யாரும் திறக்கவில்லை.

கொழுந்து நிறுத்துக்கொண்டிருந்தபோது ஆள் ஓடி வந்தது. நாங்கள் போய்ச் சேர்வதற்குள் அழகனும் மூக்கனும் அவளைக் கம்பளியில் கிடத்தி, மூங்கிலில் கட்டித் தூக்கிக்கொண்டு டிஸ்பென்சரிக்குப் புறப்பட்டிருந்தார்கள். நான் கம்பளி ஓரத்தைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடினேன். தேயிலைக்கு நடுவில் சின்னப் பாதை. பனி இறங்கி எதிரே வருகிற ஆள் தெரியவில்லை. அந்தப் பனியில், அந்தக் குளிரில், அவளுக்கு மூச்சு கொஞ்சம் சீராகிற மாதிரி இருந்தது. கண்ணைத் திறந்தாள்.

"இங்க நல்லா இருக்குங்க," என்றாள் அழகனிடம். "எறக்கி வைங்க. கொஞ்ச நேரம் இங்கயே இருப்போம்."

இறக்கி வைக்க ஏது நேரம்? ஓடினோம். டிஸ்பென்சரிக் கூரை தெரிகிறதற்கு முன்னாலேயே அவள் கை கம்பளிக்கு வெளியே விழுந்து ஆட ஆரம்பித்துவிட்டது. நான் அதை எடுத்து உள்ளே வைத்தேன். மறுபடி விழுந்தது.

மறுநாள் வடிவைக் காம்பரா நடுவில் கிடத்தியிருந்தது. வெளியே நல்ல மழை, அதனால் தப்புக்காரர்கள் இஸ்தோப்பில் நின்று அடித்தார்கள். பெண்டுகள் எல்லாம் உள்ளே. தாயில்லாத பிள்ளை என் மடியில். அழுது அழுது எனக்குக் குரலே போயிருந்தது. தலைமாட்டில் வைப்பதற்கு அழகன் சாம்பிராணிச் சட்டியைக் கொண்டுவந்தான். இஸ்ஸதீன் முதலாளி கொடுத்ததில் மிச்சம் இருந்ததை எல்லாம் அதில் கொட்டியிருந்தான். புகை குபுகுபுவென்று எழும்பி, மேலே போக வழியில்லாமல் திரும்பி எங்கள் மேல் இறங்கியது.

என் மடியில் பிள்ளை இருமியது. அப்புறம் இருமவில்லை. வாயைத் திறந்தது, அந்தச் சின்னத் தோள் இரண்டும் காது வரைக்கும் ஏறின. உள்ளே விசில் சத்தம்.

ஐயோ, எனக்கு எல்லாம் ஒரே நொடியில் விளங்கிப்போயிற்று. மீனம்மாவின் ஈர அடுப்பு விளங்கியது. கதவைக் காட்டிய கை விளங்கியது. "இங்க நல்லா இருக்குங்க" விளங்கியது. லயத்தில் இருந்த எல்லா அடுப்பையும் மழையில் தள்ளிவிட்டு, அவள் கூந்தலுக்கு அடியிலேயே நாங்கள் ஒரு அடுப்பை வைத்திருக்கிறோம்.

பிள்ளையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எழுந்து வெளியே ஓடினேன்.

"ஏ ராக்காயி! பச்சைப் புள்ளைய மழையில கொண்டு போறியே, ஒனக்குப் பைத்தியமா?"

"கொன்னுப்புடுவா போலிருக்கே, அதையும்!"

லயத்துக் கோடிக்குப் போய், கூரைத் தாழ்வில் மழை படாத இடமாகப் பார்த்து நின்றேன். சேலைத் தலைப்பால் பிள்ளையைச் சுற்றி, முகத்தை மட்டும் காற்றுக்குக் காட்டினேன். விசில் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. தோள் கீழே இறங்கியது. பிள்ளை வீறிட்டு அழுதது. அந்த அழுகையைக் கேட்டு நான் அழுதேன்.

அழகன் பின்னாலேயே வந்திருந்தான், கையில் சட்டியோடு. அதைக் கீழே வைக்கவேண்டும் என்று கூட அவனுக்குத் தோன்றவில்லை. தூரத்திலேயே நின்றுவிட்டான். பிள்ளையைப் பார்த்தான், சட்டியைப் பார்த்தான்.

"அக்கா," என்றான். "நான் போட்ட பொகையாங்க?"

நீளமான வாய், நீளமான வாய் என்பார்களே, அந்த வாய் அப்போது ஒட்டிக்கொண்டது. இல்லை என்று சொல்ல எனக்கு எத்தனை ஆசை! அவன் முகத்தைப் பார்த்தவர்கள் யாரும் இல்லை என்றுதான் சொல்லியிருப்பார்கள். ஆனால் இல்லை என்று சொன்னால் நாளைக்கும் அவன் ஆசை ஆசையாக இந்தப் பிள்ளைக்குச் சாம்பிராணி போடுவான். அந்தப் பிள்ளைதான் என் கையில் கிடந்து அழுதுகொண்டிருந்தது.

"ஆமா தம்பி," என்றேன். "நீ மட்டும் போடல. நாங்க எல்லாருந்தான் போட்டோம். இதுக்கு மட்டும் வேணாம்."

அவன் சட்டியைத் தண்ணீர் ஓடுகிற கானில் கவிழ்த்தான். தணல் சீறி அணைந்தது. அப்படியே திரும்பிப் போய், இஸ்தோப்புத் தூணைப் பிடித்துக் கூரை மேல் ஏறினான். அந்தப் பழைய தகரத்தை ஆணியோடு பிடுங்கி எடுத்துக் கீழே வீசினான். பக்கத்துத் தகரத்தையும் பிடுங்கினான். தப்புச் சத்தம் நின்றுபோயிற்று. இழவுக்கு வந்திருந்த கண்டாக்கையா குடையைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தார், வாயைத் திறந்தார். மீனம்மா போய் அவருக்கு முன்னால் நின்றாள். அவர் வாயை மூடிக்கொண்டார்.

உள்ளே அடைந்து கிடந்த புகை எல்லாம் அந்த ஓட்டை வழியாக எழும்பி மழைக்குள் போவதை நான் பார்த்துக்கொண்டே நின்றேன். கடைசி இழை போகிற வரைக்கும் அழகனும் மேலேயே குந்தியிருந்தான். அப்புறம் இறங்கி, கதவில் தொங்கிய சாக்கை இழுத்துப் போட்டுவிட்டு, நனைந்த தலையோடு என்னிடம் வந்தான்.

"இப்பக் கொண்டாங்கக்கா," என்றான். "உள்ள நல்ல காத்து இருக்கு. ஆத்தா மொகத்தைப் புள்ள ஒருக்காப் பாத்துக்கிறட்டும்."